புழுவைத் தொடாத மீன்

குற்றாலத்தில் சாரல் பொய்த்த வருஷம் அது. ஆனி பிறந்தும் அருவியில் தண்ணீர் இல்லை. கணவாய்க் காற்று மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. மேலகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த குளம் நாளுக்கு நாள் உள்வாங்கியது. தண்ணீர் விலகிய சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். யாரோ அளவெடுத்துத் தோண்டியதுபோல, கரையிலிருந்து நடுக்குளம் வரைக்கும் நூற்றுக்கணக்கில். துணி துவைக்க வந்த பெண்கள் அவற்றில் கால் வைக்கப் பயந்து சுற்றிப் போனார்கள். நானும் சுற்றித்தான் போனேன். அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி.

குழி தோண்டியது ஜிலேபிக் கெண்டை. முட்டையிடுவதற்காக அந்த மீன் தோண்டுகிற குழி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜீப்பில் வந்த சிலர் பெரிய பெரிய தகரப் பாத்திரங்களில் அதன் குஞ்சுகளைக் கொண்டுவந்து குளத்தில் கொட்டினார்கள். ஏழை பாழைகள் சாப்பிட நல்ல மீன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு எங்கள் குளத்தில் நாட்டுக் கெண்டையும் விராலும் கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் தென்காசியில் கோர்ட்டு குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலும் கையுமாகக் குளக்கரைதான். கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் தையல்காரர், இன்னொருவர் கம்பவுண்டர். மூன்று பேரும் பிடித்த மீனைவிடப் பேசிய பேச்சு அதிகம். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் எல்லாம் கேட்கும்.

"பிடிச்சுப் பொரிச்சுத் தின்னு தீக்க வேண்டியதுதான் வே. அது இங்கன இருந்து போவணும்னா அது ஒண்ணுதான் வழி" என்பார் கம்பவுண்டர்.

"நீரு தின்னும்" என்பார் தையல்காரர். "அது பெத்த பிள்ளையத் திங்குத சாதி. என் கண்ணால பாத்தேன். தலையச் சுத்தி குஞ்சு மொய்ச்சுட்டு நிக்கி. வாயத் திறந்துச்சு, அம்புட்டும் உள்ள போயிட்டு. அதைத் தின்னா நம்ம குடும்பம் வெளங்குமா?"

என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் சேரமாட்டார். மாட்டிய ஜிலேபியைக் கழற்றிக் கரையில் எறிந்துவிடுவார். அது வெயிலில் துடித்து அடங்கும். காக்கைகூட சீக்கிரம் கிட்டே வராது.

அந்த ஆனியில் இன்னொரு விஷயம் அவர்களைக் கலவரப்படுத்தியது. ஆழம் குறைந்த தண்ணீரில் சில மீன்கள், தலை பெருத்து வயிறு ஒட்டிப்போனவை, தூண்டில் பக்கம் வந்து நிற்கும். முள்ளில் நெளிகிற புழுவைப் பார்க்கும். தொடாது. எவ்வளவு நேரமானாலும் வாயை இறுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கும்.

"பிள்ளையத் தின்ன வயிறு. அதுக்கு எதுக்குவே புழு?" என்றார் தையல்காரர்.

ஜன்னலோரம் நின்றிருந்த நான் கதவைச் சாத்திவிட்டேன். காரணம் இருந்தது. என் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் போயிற்று. இரண்டாவது பிறந்து மூன்று நாள் இருந்தது. அதற்குப் பிறகு நான் எதிரே வந்தால் தெருப் பெண்கள் கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். 'பிள்ளையைத் தின்னவ' என்று என் காதுபடவே சொன்னார்கள். சொன்னவர்கள் நாசமாய்ப் போகட்டும் என்று திட்டியிருக்கிறேன். ஆனால் தனியாக உட்கார்ந்து வயிற்றைத் தடவும்போது, ஒருவேளை உண்மையோ என்று எனக்கே தோன்றும். என் வீட்டுக்காரரும் அப்படி நினைக்கிறாரா என்பதுதான் என்னை அரித்த கேள்வி. கேட்க வாய் வரவில்லை.

மசக்கை தீர்ந்த பிறகும் எனக்கு மீன் ஆசை விடவில்லை. ஒருநாள் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்: "ஏங்க, எந்த மீனா இருந்தாலும் சரி, ஒண்ணு கொண்டாங்க."

அடுத்த ஞாயிறு மத்தியானம் சேற்றுக் குட்டையிலிருந்து கையாலேயே ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு வந்தார். தலை பெருத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் நீட்டினார். பின்னாலேயே தையல்காரர் ஓடிவந்தார்.

"மைனி, வேண்டாம். மாசமா இருக்கையில இதைத் தொடாதீங்க."

"பசிக்கி அண்ணாச்சி" என்றேன். கோபத்தில் சொன்னதுதான்.

புறவாசலில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தேன். மீன் செத்துவிட்டது, ஆனால் வாய் மட்டும் பூட்டியதுபோல் இருந்தது. வயிற்றைக் கீறினேன். குடலில் ஒரு பாசி இல்லை, ஒரு புழு இல்லை. வெறும் நூலாகக் கிடந்தது. பிறகு மீனைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டு, கட்டைவிரலால் தாடையை நெம்பினேன்.

உள்ளே கண்கள் இருந்தன. கடுகளவு கடுகளவாக, நூறு இருக்கும். எல்லாம் என்னையே பார்த்தன.

வாயிலிருந்து குஞ்சுகள் புகையாகக் கிளம்பிச் சட்டி முழுக்கப் பரவின. நான் அலறியிருக்க வேண்டும். ஆண்கள் இருவரும் வந்து நின்றார்கள். அவர்கள் நிழல் சட்டியில் விழுந்தது. அடுத்த நொடி அத்தனை குஞ்சும் திரும்பி, வயிறு கீறிக் கிடந்த அந்தச் செத்த தாயின் வாய்க்குள்ளேயே முண்டியடித்துக்கொண்டு நுழைந்தன. கடைசிக் குஞ்சுக்கு இடமில்லை. அது உதட்டை முட்டிக்கொண்டே இருந்தது.

காற்றில் கொடித் துணி படபடத்தது.

நான் குடலை எடுத்துக் காட்டினேன். "பாருங்க அண்ணாச்சி. இவ எதையும் திங்கல. வாயில வச்சு ஒளிச்சிருக்கா. அதான் புழுவைத் தொடல. பட்டினி கெடந்திருக்கா."

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். அதே மனுஷன் சில வருஷம் கழித்து ஜிலேபி வறுவலுக்கு அடிமையாகி, எனக்கே பக்குவம் சொல்ல வந்தார். ஊர் மொத்தமும் அப்படித்தான் மாறிவிட்டது. நான் மட்டும் இன்றுவரை வாயில் வைத்ததில்லை.

என் வீட்டுக்காரர் சட்டியருகே உட்கார்ந்திருந்தார். "ஏட்டி, ஒன்னையும் ஊர் சொன்ன மாதிரி நான் நெனச்சேன். ரெண்டாவது போன அன்னைக்கு" என்றார். சொல்லிவிட்டு அழுதார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கவில்லை. சட்டியைத் தூக்கிக் கிணற்றில் கவிழ்க்கச் சொன்னேன். தாயை முருங்கைக்கு அடியில் புதைத்தோம்.

கிணற்றில் அவை பிழைத்தன. தண்ணீர் இறைக்கக் குனிந்தால் என் நிழல் கீழே விழும். வேறு மீனாக இருந்தால் பயந்து ஓடும். இவை கூட்டமாக மேலே வரும், என் நிழலுக்குள். வளர்ந்த பிறகுதான் அந்தப் பழக்கத்தை விட்டன. அதுவரை நான் எட்டிப் பார்க்காமலேயே வாளியை விட்டேன்.

புரட்டாசியில் வலி எடுத்தது. ஒன்பது மாதமும் நிறைந்த ஆண் குழந்தை. அழவில்லை. மூச்சே இல்லை.

வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். "இதையும் தின்னுட்டாளா?" என்று ஒருத்தி கேட்டது தெளிவாக என் காதில் விழுந்தது. கோர்ட்டில் பியூனிடம்கூட எதிர்த்துப் பேசாத என் வீட்டுக்காரர் எழுந்து வாசலுக்குப் போனார்.

"அவ திங்கல" என்றார். "ஒம்பது மாசம் தனக்குன்னு ஒண்ணும் பாக்காம வச்சுக் காப்பாத்துனா. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

உள்ளே பாயில் கிடந்த எனக்கு அது கேட்டது.