சுமலதாவின் சோற்று பாய்லர்

சுமலதாவுக்குத் தலைக்கனம் என்று ஆரம்பாக்கத்தில் சொல்பவர்கள் உண்டு. இருக்கிறதுதான். இருந்துவிட்டுப் போகட்டுமே. கல்யாண மண்டபத்துக்குப் போனால் மற்றவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க மேடைப் பக்கம் போவார்கள். அவள் பின்கட்டுக்குப் போய்ச் சமையல் அண்டாக்களைப் பார்ப்பாள். அடி எப்படி இருக்கிறது, விளிம்பு மடிப்பில் பழைய கறி மசாலா ஒட்டியிருக்கிறதா என்று ஒரு நோட்டம். பந்தியில் உட்காருவதா, மொய்யை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கஞ்சி குடிப்பதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சொந்த நாத்தனார் மகள் கல்யாணத்திலேயே ரசக் குண்டானுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, சமையல் மாஸ்டரிடம் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். நாத்தனார் வெகு நாள் பேசவில்லை. அதற்காக சுமலதா விரலை மடக்கிக்கொள்ளவும் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியின் கேண்டீனில் அவளுக்குப் பாத்திரம் கழுவும் வேலை. கம்பெனி ஆள் இல்லை, காண்ட்ராக்ட் ஆள். காலை லோக்கல் ரயிலைப் பிடித்து வந்து இறங்கினால் மதியச் சாப்பாடு முடிந்து கடைசிக் கரண்டி காயும் வரை நிற்பாள். அங்கே சாம்பார் குண்டான், தோசைக்கல், இட்லி ஸ்டீமர் என்று எவர்சில்வரில் எத்தனையோ உண்டு. எல்லாவற்றையும் கழுவுவாள். ஆனால் அவளுடையது என்று அவள் நினைத்தது சோற்று பாய்லர் ஒன்றைத்தான்.

இடுப்பளவு உயரம், இரட்டைச் சுவர், நடுவில் நீராவி ஓடும். பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றினால் முழு பாய்லரும் சாய்ந்து சோற்றைக் கொட்டும். அதைக் கழுவ அவளிடம் ஒரு முறை இருந்தது. கஞ்சி காய்வதற்கு முன்னால் முதல் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். காய்ந்தபின் சுரண்டுகிறவள் சோம்பேறி. மிதமான சூட்டில் சோப்புத் தண்ணீர், மெத்தென்ற நார், தகட்டில் மெருகுக் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே தேய்ப்பு. கம்பி நாரை அவள் கேண்டீன் வாசலுக்குள்ளேயே விடமாட்டாள். அதன் துணுக்கு ஒட்டிக்கொண்டால் துருவாகும், சோற்றில் விழுந்தால் யாரோ ஒருவன் தொண்டைக்குப் போகும். அடியிலிருக்கும் வால்வைக் கழற்றி அதற்குள்ளும் பிரஷ் விடுவாள். கடைசியில் துணியால் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைப்பாள், ஏனென்றால் அந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகத் தடம் விட்டுவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் இதையெல்லாம் பார்த்து, இது சோறு ஆக்குகிற சட்டியா, சாமி சிலையா என்று கேலி செய்வார்கள். சுமலதா அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

அவள் மனதில் ஒரே ஒரு முள் இருந்தது. அது அவள் புருஷன் லோகுவின் போட்டோ.

லோகு அதே கம்பெனியில், தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் நிரந்தர வேலைக்காரன். அந்தக் கம்பெனி வழக்கப்படி ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. மிஷின் மேல் அவர் போட்டோவும் பெயரும் போட்ட போர்டு இருக்கும். மிஷினில் ஏதாவது கோளாறு தெரிந்தால் சிவப்புச் சீட்டில் கோளாறையும் பொறுப்பாளர் பெயரையும் எழுதி அங்கேயே கட்டித் தொங்கவிடுவார்கள், சரியானபின் அவிழ்ப்பார்கள். குடும்பத்தை உள்ளே விடுகிற நாளில் சுமலதா போய்ப் பார்த்தாள். பெரிய பிரஸ் மிஷின் மேல் லோகு தலையைப் படிய வாரி, பாஸ்போர்ட் ஆபீசில் நிற்பவனைப் போல முறைத்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. இவன் மிஷினைத் துடைப்பது வாரத்துக்கு ஒரு நாள். இவனுக்குப் போர்டு. தினமும் துடைக்கிற தனக்கு என்ன?

இதை மனதுக்குள் வைத்துப் பொருமுகிற ஜாதி இல்லை அவள். மிஷின்களை மாதாமாதம் சுற்றிப் பார்க்கும் பிரின்சி மேடம் ஒருநாள் சாப்பிட வந்தபோது, தட்டை வைக்கும் இடத்திலேயே மறித்துக் கேட்டுவிட்டாள். பாய்லரும் மிஷின்தானே, நீராவி ஓடுகிறது, சக்கரம் சுற்றுகிறது, அதற்கு ஏன் போர்டு இல்லை? பிரின்சி, காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் போர்டு வைத்த வழக்கம் இல்லை என்றாள். பிறகு, ஆயுத பூஜை லீவு முடிந்து திறக்கும் அன்று கேண்டீனையும் சுற்றில் சேர்த்துக்கொள்கிறேன், பாய்லரைப் பார்த்துவிட்டு மேலே பேசுகிறேன் என்றாள். கேண்டீன் சூப்பர்வைசர் ஹேமநாத் இதைக் கேட்டு, இல்லாத வம்பை விலைக்கு வாங்குகிறாள் என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அவன் சொன்னது பலித்துவிட்டது. என்ன செய்ய, ஆசை வந்தால் அறிவு ஒரு அடி பின்னால்தான் நடக்கிறது. தினமும் செய்கிற மாதிரி கழுவித் துடைத்திருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் மேடம் வரும்போது அது சும்மா சுத்தமாக இருந்தால் போதாது, தகதகவென்று மின்ன வேண்டும் என்று சுமலதாவுக்குத் தோன்றிவிட்டது. வீட்டில் குத்துவிளக்கு எப்படி மின்னுகிறது? புளியும் உப்பும். லீவுக்கு முன்னால் கம்பெனியில் பூஜை போட்ட அன்று பொரியும் சுண்டலும் கொடுத்து முடித்து, மிஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்தபின், அவள் புளியைக் கெட்டியாகக் கரைத்து, கல்லுப்பைத் தாராளமாகப் போட்டு, பாய்லரின் உள்ளும் புறமும் அப்பினாள். அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஊறட்டும், திறக்கிற அன்று சீக்கிரம் வந்து கழுவிக்கொள்ளலாம் என்று கிளம்பினாள். லீவு முழுக்க அது ஊறியது.

திறந்த அன்று காலையில் காய்ந்த புளியைக் கழுவிவிட்டுப் பார்த்தாள். எவர்சில்வர் உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளி, அம்மை போட்ட மாதிரி. தேய்த்தாள். போகவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் விழ விட்டதில்லை. இப்போது தன் கையாலேயே பாழாக்கியாகிவிட்டது. அழுகை வந்தது, அழுதாள். யாரும் வருவதற்குள் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

ஹேமநாத் வந்து பார்த்துப் பதறினான். ஆனாலும் அவன் கெட்டிக்காரன், நொடியில் ஒரு வழி கண்டுபிடித்தான். தகடு மட்டம் என்று சொல்லிவிடலாம், பாய்லர் செய்து கொடுத்தவன் தலையில் போட்டுவிடலாம், நம் மேல் ஒரு பேச்சு வராது, நீ வாயைத் திறக்காமல் நில் என்றான். பிரின்சி வந்ததும் அப்படியே ஒப்பித்தான். பிரின்சி புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தாள். தகடு மட்டமாக இருந்தால் இத்தனை வருஷம் எப்படித் தாங்கியது என்று கேட்டாள். பிறகு பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்து, பொறுப்பாளர் பெயர் இருக்கும் இடத்தில் பேனாவை வைத்து, இங்கே என்ன எழுதுவது என்றாள். ஹேமநாத் கூரையைப் பார்த்தான். கேண்டீன் என்று பொதுவாக எழுதிக்கொள்ளுங்கள் என்றான்.

சுமலதா வாயைத் திறக்காமல்தான் நின்றாள். ஒரு சொல் சொல்லாமல் இருந்தால் போதும், பழி எங்கோ போய்விடும். பாய்லரும் யாருடையதும் இல்லாததாகப் போய்விடும். அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என் பேரை எழுதுங்க மேடம். அது என் பாய்லரு. மின்னணும்னு புளியும் உப்பும் அப்பி வச்சிட்டு, லீவுக்கு ஊட்டுக்குப் போயிட்டேன். தகடு மேல தப்பு இல்ல, தப்பு என்னுது."

பிரின்சி குண்டு குண்டாக எழுதினாள்: கோளாறு, துருப் புள்ளிகள். பொறுப்பாளர், சுமலதா. சக்கரத்தின் கைப்பிடியில் கட்டினாள். சரியாகும் வரை இதில் சமைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதனால் கேண்டீனில் சோறு பழைய அண்டாக்களில் வெந்தது. ஒன்று குழைந்தது, ஒன்று அடிப்பிடித்தது, சாப்பாட்டு வரிசை வாசல் வரை நீண்டது. பசியோடு நிற்கிறவன் சும்மா நிற்பானா, சீட்டைப் படித்தான். யார் அந்த சுமலதா என்று பிளாண்ட் முழுக்கக் கேட்டார்கள். அதுவரை பேர் தெரியாத ஒருத்தியின் கழுவலில் வயிறு கெடாமல் சாப்பிட்டவர்கள், இப்போதுதான் பேரைத் தெரிந்துகொண்டு திட்டினார்கள். ஹேமநாத் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சுமலதாவோ, சீட்டைப் போனில் படம் எடுத்து லோகுவுக்கு அனுப்பியிருந்தாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது லோகு சிரித்துச் சிரித்துப் புரையேறினான்.

"இன்னாமே, எனக்கு போட்டோ போட்ட போர்டு, உனக்கு செவப்புச் சீட்டா? இதப் போயி பெருமையா அனுப்பிக்கினு கீற."

"பேரு என் பேருதான? அத்தப் பாரு."

சிரித்து முடித்தபின் அவன்தான் உருப்படியாக ஒன்று சொன்னான். பிரஸ் ஷாப்பில் எவர்சில்வர் தகட்டில் லேசாகத் துரு பூத்தால் அவசரப்பட்டுச் சுரண்ட மாட்டார்களாம். எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து, துணியில் நனைத்துக் கொஞ்ச நேரம் ஒற்றி வைத்து, உடனே நன்றாக அலசிவிடுவார்களாம். ஊற மட்டும் விட்டுவிடாதே என்று இரண்டு தடவை சொன்னான். அதில் கேலியும் இருந்தது.

மறுநாளே ஆரம்பித்தாள். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஹேமநாத் உப்புத்தாளை நீட்டினான். அதைக் கொண்டு தேய்த்தால் கீறல் விழும், கீறலில் அழுக்கு குடியிருக்கும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். முதலில் ஆப்ப சோடாவைக் குழைத்துத் துணியால், கோட்டோடு கோடாக. போகாத புள்ளிக்கு மட்டும் எலுமிச்சை உப்பு. ஒற்றல், அலசல், துடைப்பு, மறுபடியும் முதலிலிருந்து. வழக்கமான கழுவல் வேலை அத்தனையும் முடித்துவிட்டுத்தான் இதில் உட்கார முடியும். தோள்பட்டை கழன்றது, விரல் நுனி தோல் உரிந்தது. பல நாள் ஒரு ரயிலைத் தவறவிட்டு அடுத்ததில்தான் ஊருக்குப் போனாள். புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கிப் போயின. வால்வுக்குப் பக்கத்தில் மட்டும் ஊசி முனை அளவுக்கு இரண்டு மூன்று குழிகள் தகட்டிலேயே விழுந்துவிட்டன. அவற்றை மறைக்க அவள் முயலவில்லை. பிரின்சி டார்ச் லைட்டோடு வந்தபோது அவளே குனிந்து காட்டினாள்.

பிரின்சி உள்ளே வெளியே எல்லாம் பார்த்தாள். குழிகள் ஆபத்தில்லை, ஆனால் தினமும் அந்த இடத்தில் ஒரு கண் இருக்கட்டும் என்றாள். பார்த்தாகிவிட்டது, சமைக்கலாம், சீட்டை அவிழ்த்துவிடுங்கள் என்றாள்.

சுமலதா கைப்பிடிக்குப் போனாள். முடிச்சில் கையை வைத்தாள். அவிழ்க்கவில்லை.

"இன்னும் என்ன சுமலதா?"

"இத்த எடுத்துட்டா என் பேரு பூடும் மேடம்."

பிரின்சி பேனாவை எடுத்து, சீட்டின் குறுக்கே 'சரி செய்யப்பட்டது' என்று எழுதினாள். போர்டு வரும் வரை இது இங்கேயே தொங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். போர்டு என்று அவள் வாயால் சொன்னது சுமலதாவின் காதில் விழுந்து மனதில் இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அன்றைக்குச் சோறு உதிரி உதிரியாக வெந்தது. வரிசையில் நின்ற ஒருத்தனும் அதைக் கவனித்துப் பாராட்டவில்லை. சோறு நன்றாக இருந்தால் யார் பேசுகிறார்கள்?

போர்டு வந்த அன்று அவள் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மெயின்டனன்ஸ் விமல் ஒரு கையில் போர்டும் மறு கையில் டிரில்லிங் மிஷினுமாக வந்தான். போட்டோவில் சுமலதா லோகுவைவிட நன்றாகவே இருந்தாள், லேசாகச் சிரித்துக்கொண்டு. கீழே கொட்டை எழுத்தில் பெயர். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மற்ற பெண்கள் கையில் ஈரத்தோடு வந்து சுற்றி நின்றார்கள். ஹேமநாத்தும் வந்து நின்றான். விமல் பாய்லரின் முன்பக்கம், எல்லார் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து, நான்கு மூலைக்கும் பென்சிலால் புள்ளி வைத்தான். டிரில்லிங் மிஷினைப் போட்டான். அது உறுமியது.

சுமலதா குறுக்கே போய் நின்றாள்.

"இன்னா பண்ற நைனா?"

"போர்டு மாட்டணும்க்கா. நாலு ஓட்டை போட்டா ஸ்க்ரூ போட்டுடலாம்."

"என் பாய்லர்ல ஓட்ட போடுவியா? ஓட்டைக்குள்ள தண்ணி நிக்கும், கஞ்சி நிக்கும், துரு புடிக்கும். அப்புறம் யாரு பாக்கறது? எத்தினி நாளா தேய்ச்சிக் கொண்டாந்திருக்கேன்."

விமல் விழித்தான். மேலிடத்து உத்தரவு, மிஷின் மேலேதான் போர்டு இருக்க வேண்டும் என்றான். எத்தனையோ நாள் ஆசைப்பட்டுக் கேட்ட போர்டு, வாங்கி மாட்டிக்கொள்ளாமல் இதென்ன என்று ஹேமநாத் முணுமுணுத்தான்.

"மேடம்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஓட்ட போடக் கூடாது. இதுல பொறுப்பாளர் யாருன்னு போட்டுக்கீது, படி."

விமல் கையிலிருந்த போர்டைத் திருப்பிப் படித்தான். உண்மையிலேயே படித்தான். டிரில்லிங் மிஷினை அணைத்துக் கீழே வைத்தான். "அப்போ நீங்களே சொல்லுங்கக்கா," என்றான், "எங்க மாட்டறது?"

அந்தச் சமையல் கூடத்தில் எதை எங்கே வைப்பது என்று அவளை யாரும் அதுவரை கேட்டதில்லை. சுமலதா அவசரப்படவில்லை. ஈரத் துணியால் பாய்லர் மேலிருந்த பென்சில் புள்ளிகளை நாலையும் துடைத்தாள், காய்ந்த துணியால் மறுபடி துடைத்தாள். அதன்பிறகுதான் நிமிர்ந்து, பாய்லருக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள்.