ஜெயராணியும் மெல்பேர்ன் கட்டிலும்

ஜெயராணி இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்தவர். படித்த பெரிய மனிதர்களிடம் அவருக்குப் பயம் கிடையாது. அவர்களின் வாந்தியையும் துடைத்திருக்கிறார். இப்போது தினமும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ் ஏறி அக்குறணைக்குப் போய், பக்கவாதத்தில் விழுந்த மஹ்மூத் முதலாளியைப் பார்த்துக்கொள்கிறார். முதலாளி நிமிர்ந்து உட்காராமல் கஞ்சி குடித்தால் அது நுரையீரலுக்குள் இறங்கும். ஒருமுறை இறங்கி, நிமோனியாவில் பதினொரு நாள் கிடந்தார். இன்னொரு முறை தாங்கமாட்டார் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

மகன் ஸைத் மெல்பேர்னில் எஞ்சினியர். வந்து பார்க்க நேரமில்லை. ஆகவே ஒரு மோட்டார் கட்டிலும் கமராவும் வாங்கிக் கொடுத்தான். வாப்பாவின் தலைமாட்டை அங்கிருந்தே போனில் ஏற்றலாம், இறக்கலாம். பாசத்துக்கு எவ்வளவு வசதி.

முதலாளியின் வீடு இருக்கும் மேட்டில் சிக்னல் வரும் லட்சணத்தில் அவன் பார்க்கும் படம் எட்டு வினாடி பழசு. அவன் அழுத்துவது இங்கே வந்து சேர பெரும்பாலும் இன்னும் ஐந்தாறு வினாடி. ஒரு செவ்வாய்க்கிழமை ஜெயராணி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, தலைமாடு உயரம் என்று அவனுக்குத் தோன்றியது. இறக்க அழுத்தினான். படத்தில் கட்டில் அசையவில்லை. மறுபடி அழுத்தினான். பொறுமை அவன் பாடத்தில் இல்லை போலும். ஐந்து முறை அழுத்தினான். ஐந்தும் வரிசையாக வந்து சேர்ந்தன. வாயில் கஞ்சியோடு முதலாளி மல்லாந்து போனார். ஜெயராணி பிளக்கைப் பிடுங்கி, அவரைப் பக்கவாட்டில் புரட்டி, வாயை விரலால் வழித்தெடுத்தார்.

யாரைக் கேட்டுக் கரண்டை நிறுத்தினீர்கள் என்று போனில் வந்தான் ஸைத்.

"தம்பி, நீங்க பாக்குற வாப்பா பழசு. கஞ்சி விழுங்குறது இங்க இருக்கிற வாப்பா."

லைனை வேகமாக்கினால் போதும் என்று சாதித்தான். கட்டிலைப் பொருத்திய மெக்கானிக் நபீலும் தலையாட்டினார். ஜெயராணி விடவில்லை. தாமதம் இருக்கத்தான் போகிறது, அதற்கேற்ப கட்டிலுக்குப் புத்தி வையுங்கள் என்று நபீலிடம் சொன்னார். 'கொஞ்சம் இறங்கு' என்று ஐந்து தரம் சொன்னால் ஐந்து தரமும் இறங்கும். 'அறுபது பாகையில் நில்' என்றால் எத்தனை தரம் சொன்னாலும் அறுபதுதான். வார்டில் மருந்துக்கு நேரம் எழுதுவார்கள். தப்பிப்போன வேளைகளை யாரும் சேர்த்து ஊட்டுவதில்லை. அதேபோல் ஒவ்வொரு கட்டளையும் நேரத்தோடு வரட்டும், மூன்று வினாடிக்கு மேல் பழசானதைக் கட்டில் தள்ளிவிடட்டும். நபீல் அப்படியே செய்து கொடுத்தார்.

ஒரு வாரத்தில் ஸைத் மறுபடி எடுத்தான். "மிஸ், கட்டில் நான் சொல்ற ஒண்டையும் கேக்குதில்ல."

"கேக்குது தம்பி. பிந்தி வந்தத வெளிய போடுது."

பத்தில் எட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. ஜெயராணி போனைக் கதிரையில் கவிழ்த்துவிட்டு, முதலாளியின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தார். பிறகுதான் அடுத்த கரண்டியை எடுத்தார்.