நண்பனுக்கு வந்த டம்மி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரியாத அசடு நான்.

யுத்தத்தால் காகிதத்துக்குப் பஞ்சம் வந்திருந்த நாட்கள். மயிலாப்பூரில் குடியிருந்த நானும் என் நண்பனும் ஆளுக்கொரு நாவல் எழுதி, மாம்பலத்தில் ஒரே பதிப்பாளரிடம் கொடுத்திருந்தோம். இருக்கிற காகிதத்தில் ஒன்றைத்தான் போட முடியும் என்றார் அவர். என்னுடையதைப் பற்றி, "படிச்சேன் ஓய். நடுவிலே வளவளப்பு" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் காலையில் நண்பன் குதித்துக்கொண்டு வந்தான். கையில் தடிப் புத்தகம். பளபளக்கும் வர்ண அட்டையில் அவன் பெயர்!

"டம்மி வந்துடுத்துடா! ஆபீசுக்கு நாழியாச்சு. நீ பாத்துட்டு அவர்கிட்டயே சேர்த்துடு."

டம்மி என்றால் என்ன என்று கேட்டிருக்கலாம். நாவலாசிரியன் கேட்கிற கேள்வியா அது? முதல் பிரதிக்கு அச்சகத்தார் வைத்த செல்லப் பெயராக்கும் என்று நானே முடிவு கட்டி, "பேஷ்!" என்றேன். வயிறு பற்றி எரிந்தது. திறந்து பார்க்க மனசு வரவில்லை. ஒரு நல்ல வரி கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காதே! அவன் பெயர் தெரியாதபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பதிப்பாளர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "பார்த்தீரா ஓய்?"

இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன். "முழுக்கப் படிச்சுட்டேன் சார். சிநேகிதன்கிறதுக்காகப் பொய் சொல்லப்படாது பாருங்கோ. நடுவிலே ஒரே வளவளப்பு. முடிவைப் படிச்சா அழுகை வரது. கதாநாயகிக்காக இல்லே, காகிதத்துக்காக!"

மெல்லுவதை நிறுத்தினார். புத்தகத்தை வாங்கி, என் மூக்குக்கு நேரே விரித்தார். வெள்ளைத் தாள். புரட்டினார். அதுவும் வெள்ளை. கடைசி வரை ஓர் எழுத்துக் கிடையாது.

"எத்தனை தடிமன் வரும், அட்டை எப்படி உட்காரும்னு பார்க்க வெறுந்தாளைத் தைச்சுக் கட்டறதுதான் டம்மி. இன்னும் அச்சுக் கோக்கவே இல்லே. வளவளப்பு எந்தப் பக்கம், காட்டும்!"

இன்றைக்கும் யாராவது புதுப் புத்தகத்தை நீட்டினால், உள்ளே எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொறாமைப்படுகிறேன். ஆனால் அன்றைக்கு அத்தோடு எழுந்து வந்தேனா? வாசல் வரை போனவன் திரும்பி, "என்னோடதையும் நடுவிலே வளவளப்புன்னேளே சார், நிஜமாப் படிச்சேளா?" என்று கேட்டேன்.

"நீர் இதைப் படிச்ச மாதிரிதான், ஓய்."