பைக்குள் இருந்த பூனையும் பதினோராம் அறையும்

நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் ஆறு வருஷம் அறை துப்புரவு செய்தேன். அங்கே ஒரு முறை உண்டு. விருந்தினர் மறந்துவிட்டுப் போன சாமானை மூன்று மாதம் அலுமாரியில் பூட்டி வைப்பார்கள். கேட்டு ஒருவரும் வராவிட்டால் கண்டெடுத்தவளுக்கே கொடுத்துவிடுவார்கள். மற்றவர்களுக்குக் குடை, செருப்பு, ஒருத்திக்குக் கைக்கடிகாரம்கூடக் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது ஒரு படப் புத்தகம். ஆங்கிலேயர் மிருகங்களை வைத்துச் சொல்லும் பேச்சுகளும் அவை எங்கிருந்து வந்தன என்ற கதைகளும் அதில் இருந்தன. என் அதிர்ஷ்டம் அப்படி.

அந்த நேரம் பார்த்து, விருந்தினரை வரவேற்கும் முன்மேசைக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், உள்ளே வேலை செய்கிறவர்களும் கேட்கலாம், நேர்முகம் ஆங்கிலத்தில் என்று கதை வந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும். கட்டிலுக்கடியில் குனிந்து குனிந்து முழங்கால் போனது ஒரு பக்கம். ஆறு வருஷமாக எனக்கு 'தேங்க் யூ' சொன்னவர்கள் எல்லோரும் என் கையிலிருந்த குளியல் துவாயைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அந்தக் கோபம் மறு பக்கம்.

கிண்ணியாவில் எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்பருகே, பின்னேரங்களில் அந்தப் புத்தகத்தை வைத்து ஆங்கிலம் படித்தேன். என் கணவர் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கிறவர். வியாபாரம் முடிந்து வந்து, பிளேன்டீயும் கையுமாக எதிரே உட்கார்ந்து கேட்பார். 'அறைக்குள் யானை' என்றால் எல்லோருக்கும் தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்காத விஷயம் என்று விளக்கினேன்.

"யானை வந்தா சும்மா இரிப்பாங்களா? கந்தளாய்ப் பக்கம் வந்து பாக்கச் சொல்லு. ஊரே கத்தும்," என்றார்.

'குதிரையின் வாயிலிருந்தே கேட்டது' என்றால் நம்பக்கூடிய செய்தி. விற்கிறவன் குதிரைக்கு வயது குறைவு என்று புளுகினாலும் அதன் பல்லு புளுகாது. இதற்கு மட்டும் தலையாட்டினார். "மீனுக்குச் செவுள் மாதிரி," என்றார். கடும் மழையை 'நாயும் பூனையுமாகக் கொட்டுகிறது' என்பதற்குப் புத்தகமே நாலு காரணம் சொல்லிவிட்டு, கடைசியில் சரியாகத் தெரியாது என்று கைவிரித்தது. எனக்கு விசர்க் கோபம் வந்தது.

பிறகுதான் வந்தது அந்தப் பூனை. 'பையிலிருந்து பூனையை வெளியே விடுவது' என்றால் ஒளித்து வைத்ததைப் போட்டுடைப்பது. அந்தக் காலத்துச் சந்தையில் பன்றிக்குட்டி என்று சொல்லிப் பையைக் கட்டிக் கொடுப்பார்களாம். வாங்கியவன் வீட்டில் அவிழ்த்தால் உள்ளே பூனை. உண்மையோ பொய்யோ, புத்தகம் அப்படிச் சொன்னது.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அதுக்கு அவன் ஏன் கவலப்பட்டான்?"

"ஏமாத்திப்போட்டாங்களே."

"என்னத்த ஏமாத்தின? பன்றி கேட்டவனுக்குப் பூனை கிடைச்சிரிக்கி. அல்ஹம்துலில்லாஹ் சொல்லிப்போட்டுப் பால் வைக்க வேண்டியதுதானே."

"இஞ்சாருங்க, அவன் வெள்ளைக்காரன். அவனுக்குப் பன்றிதான் வேணும்."

"வேணுமெண்டா? பூனை நல்ல சாமான் புள்ள. எலி பிடிக்கும்."

அரை மணித்தியாலம் சண்டை பிடித்தோம். மனுசன் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. இந்த ஆளோடு ஏலாது என்று புத்தகத்தை மூடினேன்.

நேர்முக நாள் வந்தது. பயம் வந்தால் ஆங்கிலத்தில் வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சி பறக்கிறது என்பார்கள். எனக்குள்ளே துள்ளியது கரைவலையில் அகப்பட்ட ஒரு சூடை மீன். எதிரே மனேஜர், கணக்காளர், கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா.

அந்த அம்மா கேட்டார்: "படத்தில் காட்டிய கடல் என் அறையில் தெரியவில்லை என்று ஒருவர் கோபமாக வருகிறார். என்ன சொல்வீர்கள்?"

புத்தியுள்ளவள் மன்னிப்புக் கேட்பேன் என்று சொல்லியிருப்பாள். என் வாய் சும்மா இருந்ததா?

"அது பதினோராம் அறையாகத்தான் இருக்கும், மெடம். அதில் கடல் பார்க்க வேண்டுமானால் குளியலறை வாளியைக் கவிழ்த்து மேலே ஏற வேண்டும். நாங்கள் பன்றி என்று சொல்லிப் பூனையைக் கொடுத்திருக்கிறோம்."

கணக்காளருக்கு இருமல் பிடித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நினைத்தவள் நிறுத்த வேண்டாமா? என் கணவரின் நியாயம் என் வாயால் ஆங்கிலத்தில் வந்தது.

"ஆனால் அது நல்ல பூனை, மெடம். ஜெனரேட்டர் சத்தம் கேட்காத ஒரே அறை அதுதான். மத்தியானம் வேப்பமர நிழல் விழும். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல அறை இல்லை. அந்தப் படத்தை எடுத்துவிட்டு உள்ளதைச் சொன்னால் அவர்களே கேட்டு வாங்குவார்கள். கோபித்தவரைக் கூட்டிப்போய் இதையெல்லாம் காட்டுவேன். அப்படியும் வேண்டாமென்றால் கடல் தெரிகிற அறை எப்போது காலியாகும் என்று பார்த்துச் சொல்வேன்."

அந்த அம்மா சிரித்தார். மனேஜர் சிரிக்கவில்லை. அவர் திருகோணமலை டவுன் ஆள். ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு வந்தார்.

"உந்த அறையால எத்தினை பேர் என்னோட சண்டை பிடிச்சவை தெரியுமோ? இவ்வளவையும் தெரிஞ்சு வைச்சுக்கொண்டு, ஆறு வருஷமா ஏன் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல, சேர்."

சொன்ன பிறகுதான் அது எனக்கே சுட்டது. அழுகை வந்துவிட்டது. மனேஜர் கடதாசியில் ஏதோ எழுதினார்.

"திங்கட்கிழமையில இருந்து முன்வாசலால வாங்கோ," என்றார்.

துப்புரவுக்காரர் முன்வாசலால் வரக்கூடாது என்பது அங்கே சட்டம். நான் நன்றி சொல்லி எழுந்து, நிமிர்ந்து முன்வாசல்வரை நடந்தேன். அங்கிருந்து திரும்பிப் பின்பக்கம் போனேன். காலையில் கழற்றிவிட்ட என் செருப்பு பின்வாசல் கேற்றடியில் கிடந்தது.