ஆம்பூர் வந்தால் சாத்தும் ஜன்னல்

“படிச்சிட்டா மட்டும் பெரிய எடத்து ஆளுங்கல்லாம் உன்னப் பக்கத்துல உக்கார வெச்சிப்பாங்களா?” என்று அத்தை ஒருமுறை கேட்டாள். போன ஞாயிறு, சென்னையில் அலுவலகத் தோழிகளோடு ப்ரன்ச் சாப்பிட உட்கார்ந்தபோது அது நினைவுக்கு வந்து, பெருமையாக இருந்தது.

பேச்சு ரயில் பயணத்துக்குத் திரும்பியது. “ஆம்பூர் வந்தா ஜன்னலச் சாத்திடுவேன்பா, தோல் நாத்தம்!” என்றாள் திவ்யா. நான் அந்த ஊர்க்காரி என்பது உறைத்ததும், “ஏய், உன்னச் சொல்லலடி” என்று என் தோளை முகர்ந்து, “பாருங்க, இவகிட்ட ஒண்ணுமே இல்ல” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன்பின் தட்டில் எதுவும் ருசிக்கவில்லை. கோபம்கூட வரவில்லை; அப்பாதான் நினைவுக்கு வந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து வந்தால், குளித்த பிறகுதான் அப்பா என் பக்கத்தில் உட்காருவார்.

விடுதிக்குத் திரும்பியதும் தோழிகளின் குரூப்பில் எழுதினேன்: “அடுத்த ஞாயிறு எங்க வீட்ல. ஆம்பூர்ல காலையிலயே பிரியாணிதான். எங்க அப்பாவும் நம்ம பக்கத்துல உக்காந்து சாப்பிடுவாரு.” வீட்டு லொகேஷனையும் அனுப்பிவிட்டேன்.