நீலக் கயிற்று முடி

தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஒன்றிலிருந்து அப்பா இறங்கி வந்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில், லோயர் கேம்ப்பைத் தாண்டி குமுளி மலைச்சாலை தொடங்கும் இடம். வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. திராட்சைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார், சட்டையெல்லாம் கறை. சாலையோரம், போலீஸ்காரர்களுக்கு நடுவே, அவருடைய இளைய மகள் வெள்ளிக் கவசம் அணிந்து, இடுப்புவரை தொங்கும் நீல முடியோடு நின்றாள். அவர் பார்வை முதலில் அவளைத் தாண்டி என்னிடம் வந்தது. பிறகுதான் அது யார் என்று அவருக்குப் புரிந்தது.

அது இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு. தங்கை தேனியில் விடுதியில் தங்கிக் கல்லூரி இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. விடுதித் தோழி ஒருத்தியின் கம்ப்யூட்டரில் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களைப் பார்க்கத் தொடங்கியவள், அதற்கு அனிமே என்று பெயர் என எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் கதையில் வருகிறவர்களைப் போலவே உடுத்திக்கொண்டு மேடையேறுவது காஸ்பிளேயாம். கோட்டயத்தில் ஒரு கல்லூரி விழாவில் அப்படி ஒரு போட்டி நடக்கிறது என்று தெரிந்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. அப்பாவிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பெண்பிள்ளைகள் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் நிற்பதையே விரும்பாதவர் அவர். அதனால், கல்லூரியிலிருந்து அழைத்துப்போகிறார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். துணைக்கு நான்.

விலை கொடுத்து வாங்க வழியில்லாததால் கண்ணில் பட்டதெல்லாம் கவசமாயிற்று. கம்பத்தில் ஜீப்புகளுக்கு சீட் தைக்கும் கடையில் கழித்துப்போட்ட ரெக்சினும் ஃபோமும் சாக்கு நிறையக் கிடைத்தன. உடைந்த பிளாஸ்டிக் குடத்தை இரண்டாக அறுத்துத் தோளுக்கு வைத்தாள். வீட்டுக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சில்வர் பெயிண்ட், செருப்பு ஒட்டும் பசை. மாடு கட்டும் நீல நைலான் கயிற்றைப் புரி பிரித்து, சீப்பால் வாரி வாரி, பழைய துணித் தொப்பியில் வரிசையாகத் தைத்தபோது அது முடியாகவே மாறிவிட்டது. வாள் மட்டும் நிற்காமல் துவண்டது. உள்ளே ஒரு பிவிசி பைப்பைச் செருகினாள். அந்தப் பைப்தான் எங்களை மாட்டிவிட்டது.

அந்த வாரம் இரண்டு ஊர்களுக்குள் தகராறு நடந்து ஒருவருக்கு வெட்டு விழுந்திருந்தது. கேரள எல்லையிலுள்ள குமுளிக்குப் போகும் பஸ்களை நிறுத்திச் சோதித்தார்கள். எங்கள் சாக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வாளின் பிடியைக் கண்டதும் எங்களை இறக்கிவிட்டார்கள். பஸ் காத்திருக்கவில்லை. எஸ்.ஐ. வாளை வாங்கி வளைத்துப் பார்த்தார். மேலே மெத்தென்று இருந்தது. உள்ளே எதுவோ வளைய மறுத்தது. தங்கை போட்டி, கார்ட்டூன், மேடை என்று என்னென்னவோ சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை. இதை யார் கொடுத்தனுப்பினார்கள் என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். ஏலத் தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயின.

"போட்டுக் காட்டுறேன் சார்" என்றாள் தங்கை.

பெண் போலீஸ் ஒருவர் பக்கத்தில் நிற்க, சுடிதாரின் மேலேயே ஒவ்வொன்றாக மாட்டினாள். முடியை வைத்ததும் யாரோ சிரித்தார்கள். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. வாளுக்குள் இருப்பதை வெளியே எடுக்கச் சொன்னார். பிளேடால் கீறிப் பைப்பை உருவியதும் வாள் வாடிய வாழையிலை போலத் தொங்கியது. அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. ஆனாலும் அப்பாவின் நம்பரைக் கேட்டு வாங்கிப் போன் செய்தார்.

அப்பா வந்ததும் எஸ்.ஐ. கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இதுக இப்பிடி வேசங்கட்டிக்கிட்டுக் கோட்டயத்துக்குப் போறது ஒங்களுக்குத் தெரியுமா?"

அப்பா தான் வந்த ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். தெரியாது என்றால், வீட்டுக்குத் தெரியாமல் இரண்டு பெண்கள் சாக்கில் வாளோடு போன கதை அங்கேயே முளைத்துவிடும். ஜீப் டிரைவர் எங்கள் ஊர்க்காரர். வண்டியை அணைத்துவிட்டு எங்கள் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாந்தேன் அனுப்பிச்சேன்" என்றார் அப்பா. "போட்டியாம். நல்லாப் பண்ணுவா."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பைப்பை வைத்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டார்கள். வீட்டுக்குத்தான் என்று நினைத்து, கம்பம் பஸ் நிற்கும் பக்கத்துக்கு நான் சாலையைக் கடந்தேன். அப்பா நகரவில்லை.

"அங்கன எங்க போற? இங்கன வா. அனுப்பிச்சேன்னு சொல்லிப்புட்டேன். இனி போகாமத் திரும்புனா நாஞ்சொன்னது பொய்யின்னு ஆயிரும்."

குரலில் கனிவு துளியும் இல்லை. கறைபடிந்த சட்டையோடு குமுளி பஸ்ஸில் எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார். குமுளியில் பஸ் மாறி, குட்டிக்கானம், முண்டக்கயம் என்று மலை இறங்கும்வரை எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டு போனேன். திட்டியிருந்தால்கூட மூச்சு விட்டிருப்பேன்.

கல்லூரி அரங்கில் பலர், கடையில் வாங்கிய உடைகளில் பளபளத்தார்கள். தங்கையைக் கூப்பிட்டபோது, தொங்கும் வாளை இரண்டு உள்ளங்கைகளிலும் கிடத்தி, யாரிடமோ ஒப்படைக்கப் போகிறவளைப் போல நடந்து வந்தாள். கதையில் அப்படி ஒரு காட்சியே கிடையாது என்று பிறகு சொன்னாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்பா கடைசி வரிசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தட்டவில்லை. பரிசும் கிடைக்கவில்லை.

திரும்பும்போது மூவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். குமுளி இறக்கத்தில், கீழே பள்ளத்தாக்கின் விளக்குகள் தெரியத் தொடங்கிய பிறகுதான் அப்பா வாய் திறந்தார்.

"அந்தக் கதையில வர்ற நீல முடிக்காரிக்கு அப்பன் ஆத்தா இல்லையா?"

"சின்ன வயசுலயே செத்துருவாகப்பா. அதுனாலதேன் தனியாச் சண்டைக்குப் போறா."

"அவளுக்கு ஆளு இல்ல, போறா. ஒனக்கு நாங்க இருக்கம்ல, தாயி. நீ எதுக்குச் சொல்லாமப் போன?"

தங்கை மடியிலிருந்த சாக்கைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள். "சொன்னா விட்டிருப்பீகளா?"

அப்பா யோசித்தார். காலையில் சொன்னதைப் போல இன்னொரு பொய்யை அவர் அப்போது சொல்லியிருக்கலாம். நாங்கள் இருவரும் அதைத்தான் எதிர்பார்த்தோம்.

"விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவள் எதையும் ஒளித்துச் செய்யவில்லை. கேட்பாள். அவர் முடியாது என்பார். வீடே அதிரச் சண்டை நடக்கும். பாதித் தடவை அவள்தான் ஜெயித்தாள். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் இப்போது எங்கே போவதானாலும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. போன வாரம் போனில் இதை அவளே சொன்னபோது குரலில் சந்தோஷம் இல்லை.