மருதப்பன் நிற்காமல் போன நாள்

மருதப்பனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் பட்டறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவனுக்குச் சோறு இறங்காமல் செய்தது பிரேக். சங்கரன்கோவிலில் பிரேக் என்றால் நான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், தகரக் கொட்டகையில் இரும்பு கடைகிற ஒரு பழைய லேத்தோடு ஆரம்பித்தவன். இன்றைக்குக் கேரளாவுக்குச் சரக்கு கொண்டுபோகிற லாரிக்காரர்கள் என்னிடம் ஒரு தடவை வண்டியைக் காட்டாமல் மலையேற மாட்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மருதப்பன் குருவிகுளம் பக்கத்துக் கரிசல்காட்டில் ஆடு மேய்த்த குடும்பத்துப் பிள்ளை. கிளீனராக லாரியில் ஏறி, டிரைவராகி, முதுகு போனதும் லாரியை விட்டான். பிறகு கடையநல்லூர் ஷேக் ஃபரீதின் காரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. ஃபரீத் துபாயில் இருக்கிறவர், வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். அவருடைய கார் தரையோடு தரையாகக் கிடக்கும், இரண்டே பேர் உட்காரும் வெளிநாட்டுக் கார். அவர் இல்லாத நாட்களில் அதை அவ்வப்போது ஓட்டி, துடைத்து, பேட்டரி இறங்காமல் வைத்திருப்பது மருதப்பன். மனைவி சங்கரம்மாளுக்குக்கூட இவ்வளவு பணிவிடை செய்ததில்லை என்று அவள் என் காதுபடவே சொல்லியிருக்கிறாள்.

போன தை மாதம் ஃபரீத் வந்தார். கோயம்புத்தூர் பக்கத்துப் பந்தயத் தடத்தில் நம் சொந்தக் காரையே ஓட்ட விடுவார்களாம். சனிக்கிழமைக்குப் பேர் கொடுத்துவிட்டார். அந்த வாரத் தொடக்கத்தில்தான் மருதப்பன் காரோடு என் வாசலில் வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணாச்சி, நூறுக்கு மேல போயி பிரேக்க வச்சா ஸ்டீயரிங் கையில நிக்க மாட்டேங்கு. உதறுது. பாய் அங்கன இருநூறுல போவாராம்."

"டிஸ்க் கோணியிருக்கும். கழத்து," என்றேன்.

முன் சக்கரங்களில் பிரேக் கவ்வுகிற வட்டத் தகடுகளான டிஸ்க் இரண்டையும் நானே லேத்தில் மாட்டி, முகம் தெரிகிற மாதிரி கடைசல் பிடித்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் பிரேக்கை வைத்தால் கார் துளி உதறல் இல்லாமல் நின்றது. மறுநாளே மருதப்பன் திரும்ப வந்தான்.

"திரும்ப உதறுது."

என் லேத்தில் கடைந்தது ஒரே நாளில் கோணாது. அது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? அண்ணாச்சி கடைந்தார், பாய் சுவரில் போய் மோதினார் என்றுதானே பேசுவார்கள். இன்னொரு தடவை கடைந்தால் டிஸ்க் மெலிந்துவிடும். புதுசு வரவழைப்பதற்குள் ஃபரீதின் லீவு முடிந்துவிடும்.

ஃபரீத் போனில் சொன்னது இவ்வளவுதான்: "மருதப்பண்ணன் சரின்னு சொன்னா போறேன். இல்லன்னா வேண்டாம்." அதற்குப் பிறகு மருதப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. சரி என்று சொல்லி அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது? அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால், ஒரு வருஷமாக இதையே பேசிக்கொண்டிருந்த மனுஷன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"கடைசல் பிடிச்சதுக்கு அப்புறம் எங்கன போன?" என்று கேட்டேன்.

"புளியரை மலையில ஏறி இறங்கினேன். பிரேக்க நல்லா சூடாக்கிப் பாக்கணும்லா."

"நாளைக்கு நானும் வாரேன்."

அந்தக் காருக்குள் என் உடம்பை நுழைத்ததே ஒரு கதை. மேலே கேரள எல்லை வரை போய்த் திரும்பினோம். இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் அவன் பிரேக்கை வைக்க, பல்செட்டு ஆடுகிற மாதிரி கார் ஆடியது. கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊர்க் கோமதியம்மனைக் கூப்பிட்டேன். அடிவாரத்தில் ரோட்டோரமாக ஓர் இசக்கியம்மன் கோயில் உண்டு. அங்கே காரை நிறுத்தி, ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடினான். ரோடு அந்த இடத்திலும் சரிவுதான். கார் நகரவில்லை. அவன் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. முன் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தது. நான் கீழே குனிந்து அவன் காலைப் பார்த்தேன்.

"ஏலே, காலு எங்கன இருக்கு?"

"பிரேக்குல."

"எவ்வளவு நேரமா?"

"சாமி கும்பிடுத நேரம்தான், அண்ணாச்சி."

பட்டறைக்கு வந்து சக்கரத்தைக் கழற்றினோம். துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு மறந்தால் எப்படி இருக்கும், அப்படி டிஸ்கில் ஓர் இடத்தில், அதைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடின் உருவம் கறுப்பாகப் பதிந்திருந்தது. நெருப்பாகக் கொதிக்கிற டிஸ்கை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் பேடு உருகி ஒட்டாமல் என்ன செய்யும்? சக்கரம் சுற்றும்போது அந்தக் கறை வருகிற நேரமெல்லாம் ஒரு உதறல். என் லேத்தின்மேல் குற்றமில்லை. இதைக் கண்டுபிடிக்க இந்தக் கண்தான் வேண்டியிருந்தது.

மருதப்பனுக்கு அது பிடிக்கவில்லை.

"அம்மனக் குத்தம் சொல்லுதியளா?"

"உன் காலச் சொல்லுதேன்."

அவன் அங்கே நிற்பதற்குக் காரணம் உண்டு. லாரி ஓட்டின காலத்தில் ஒரு மழை நாளில், மரக்கட்டை ஏற்றிய வண்டிக்கு அந்த இறக்கத்தில் பிரேக் போய்விட்டது. கியரை மாற்றி மாற்றி, பாறையில் உரசி, கடைசியில் வண்டி நின்ற இடம் அந்தக் கோயில் வாசல். அதிலிருந்து அவன் ஒரு தடவைகூட அங்கே நிற்காமல் கடந்ததில்லை.

டிஸ்கையும் பேடையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கறையை எடுத்தோம். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாசுதேவநல்லூர் தாண்டிக் கண்மாய் ஓரமாகப் போகிற நேர் ரோட்டில் காரை விரட்டுவதும், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைப்பதும், முழுசாக நிற்பதற்குள் திரும்ப விரட்டுவதுமாகப் பேடைப் பழக்கினோம். உதறல் இல்லை. ஆனால் மலையில் சூடேறும்போதுதான் உண்மை தெரியும். சூடோடு அடிவாரத்தில் நின்றால் பழைய கதைதான். காலை எடுத்துவிட்டு நின்றாலும் பேடு டிஸ்கோடு ஒட்டித்தான் நிற்கும். ஓடிக்கொண்டேதான் ஆற வேண்டும்.

அங்கிருந்து அப்படியே மலை ஏறினோம். மேலே எல்லையில் திருப்பியபோது மருதப்பன் சொன்னான்: "அம்மனுக்கு நிக்காம போனா அவ விடமாட்டா, அண்ணாச்சி."

"நின்னா உதறல் பாயை விடாது."

"நீங்க பிரேக் இல்லாம இறங்கினவரு இல்ல."

அவன் இறங்கத் தொடங்கினான். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. ஒவ்வொன்றிலும் இந்தத் தடவை உதறும் என்று நான் பல்லைக் கடித்தேன். உதறவில்லை. கீழே வர வர அவன் கழுத்தில் வியர்வை ஓடியது. கோயிலின் சிவப்புக் கொடி தெரிந்தது. அவன் கால் பிரேக்குக்கு மேலே போய் அந்தரத்தில் நின்றது. ஒரு நொடி வைத்துவிடுவான் என்றே நினைத்தேன். காலை இழுத்துக்கொண்டான். கோயில் பக்கம் திரும்பாமல், ரோட்டை மட்டும் பார்த்தபடி கடந்தான். பின்னால் ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

காற்றில் பிரேக் ஆறட்டும் என்று செங்கோட்டைப் பக்கமாக வெகுதூரம் மெதுவாகவே போனான். பிறகு வயலோரம் ஒரு புளியமரத்தடியில் வேகத்தைத் தானாகக் குறையவிட்டு நிறுத்தினான். இறங்கிச் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே பார்த்தோம். டிஸ்க் முழுக்க ஒரே சாம்பல் நிறம், கறை எங்கும் இல்லை.

"பாய்க்குப் போனப் போடு," என்றேன்.

"இன்னும் இல்ல."

செல்போனைச் சீட்டில் போட்டுவிட்டு, வந்த வழியே வெயிலில் நடந்தான். கூப்பிட்டேன், திரும்பவில்லை. பின்னால் வந்த பஸ் அவனைத் தாண்டிப் போனது. அவன் கையைக் காட்டவில்லை.

அவன் போய் வெகுநேரம் கழித்து ஃபரீத் கூப்பிட்டார். "அண்ணாச்சி, என்ன ஆச்சு? போலாமா?"

பிரேக் விஷயத்தில் நான் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. சரி என்று சொல்ல எனக்கு அரை நொடி போதும். வாய்வரை வந்தது.

"மருதப்பன் நடந்து போயிருக்கான். வந்து சொல்லுவான் பாய்," என்றேன்.

வெயில் சாய்ந்த பிறகு வந்தான். நெற்றிக் குங்குமம் வியர்வையில் மூக்குவரை இறங்கியிருந்தது. தண்ணீர்கூடக் கேட்காமல் போனை வாங்கினான்.

"போங்க பாய். ஒண்ணு மட்டும். ஓட்டி முடிச்சதும் நிப்பாட்டாதீய. மெதுவா ஒரு சுத்து சுத்தி ஆறவிட்டுட்டு நில்லுங்க. நின்னதுக்கப்புறம் பிரேக்குல கால் இருக்கக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் சரி."

"இன்ஷா அல்லாஹ் அப்படியே செய்யுதேன்ணே."

அன்று ராத்திரியே ஃபரீத் காரை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் கிளம்பினார். சனிக்கிழமை முழுக்க மருதப்பன் என் பட்டறையில் லேத் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வேலை எதையும் தொடவில்லை. போன் அடிக்கிறபோதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு தடவை சங்கரம்மாள், ஒரு தடவை லோன் வேண்டுமா என்று எவளோ. எனக்கும் கையில் வேலை ஓடவில்லை. பொழுது சாயும்போது ஃபரீத் கூப்பிட்டார். மருதப்பன் போனைக் காதில் அழுத்திக் கேட்டான். கடைசியில், "டிஸ்கப் பாத்தியளா?" என்று மட்டும் கேட்டான். "கறையே இல்லண்ணே" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கும் கேட்டது. அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அண்ணாச்சி," என்றான், "பசிக்கி."